கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அலமாரியில் இருந்த 'லூனார் கிரானிகல்ஸ்' புத்தகங்களை எடுத்துப் படிக்கிறேன். 2012இல் 'சிண்டர்' வந்தபோது நீ செகண்டரி இரண்டு. இதில் சிண்ட்ரெல்லா, அதாவது சிண்டர், பாதி இயந்திரமான ஒரு மெக்கானிக், படிக்கட்டில் செருப்புக்குப் பதில் இரும்புப் பாதமே கழன்றுவிடும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். இப்போதுதான் புரிகிறது.

மூன்றாவது புத்தகம் 'க்ரெஸ்'. அதை முடித்து நாளாகியும் மனசு அங்கேயே நிற்கிறது. பழைய கதையில் நீள முடிக்காரி ரபன்ஸலை அடைத்து வைக்கக் கோபுரம், இதில் க்ரெஸுக்குச் செயற்கைக்கோள். ஏழு வருஷம் தனியாக. கத்தரிக்கோல்கூட இல்லை, முடி வளர்ந்துகொண்டே போகிறது. பேச ஆளில்லாமல் தன் சின்ன வயதுக் குரலையே கணினியில் போட்டு அதோடு பேசுகிறாள். பூமியில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் ஆளில்லை. நீயும் அக்கா போடுகிற படத்துக்கெல்லாம் லைக் போடுகிறாய். உன் படம் ஒன்றுகூடக் காணோம். கேமராவும் போடுவதில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

எவ்வளவு கெட்டிக்காரி அவள்! நிலாவின் ராணி லெவானாவின் விண்கலங்களையே பூமியின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறாள். உன்னைப் பற்றி நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அங்கிருந்து இறங்க அவளுக்கே வழியில்லை. என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று வாய் திறந்து கேட்டாள். கேட்ட பிறகுதான் சிண்டரின் ஆட்கள் வந்தார்கள்.

சிண்டருக்கு உதவுகிற டாக்டர்தான் க்ரெஸின் அப்பா என்று தெரியும்போது நடுவில் கண்ணாடி. அவருக்கோ கொள்ளைநோய். அந்த இடத்தை மட்டும் உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

பிரவீனைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்பாவும் கேட்க மாட்டார். பெரியம்மா கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறினால் நீ இருக்கிற மெல்பர்ன் ஏழரை மணி நேரம்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

தலைக்கு எண்ணெய் வை. நேரத்துக்குச் சாப்பிடு, பிரெட்டைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே.

அடுத்த புத்தகம் 'வின்டர்' தலையணை மாதிரி இருக்கிறது, பாதிதான் முடிந்தது. லெவானாவை என்ன செய்கிறார்கள் என்று இப்போதே சொல்லிவிடாதே. செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வேலை இல்லை, காலையிலிருந்து வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடு.

அம்மா