அம்மாவின் குளிசைகள்

வெள்ளவத்தை
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

"பிரஷர் 120/80 தானே அப்பா, பிறகு எதற்கு இத்தனை குளிசை?" என்று போன கிழமை கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன்.

கையில் பட்டி சுற்றி அளப்பது உடம்புக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம். அம்மாவுக்குக் கோளாறு இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நாடிகளில். அங்கே சராசரி அழுத்தம் 14 மில்லிமீற்றர் பாதரச அளவில் இருக்கவேண்டும். 20ஐத் தாண்டினால் நோய். கழுத்து வழியே மெல்லிய குழாய் விட்டு அளந்தபோது 46 காட்டியது. இரண்டாம் மாடிப் படியிலேயே இளைத்து உட்கார்ந்துவிடுவாரே, வயதுதான் காரணம் என்று ஒரு வருடத்தைப் போக்கிவிட்டேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

நாடியின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெறும் பூச்சு என்று நினைத்திருந்தேன். ஓயாமல் சேதி அனுப்புவதே அதன் வேலையாம். நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவும் புரொஸ்டாசைக்ளின் என்ற பொருளும் சுவரிலுள்ள தசையைத் தளரச் சொல்கின்றன. 1988இல் ஜப்பானியர் கண்டறிந்த என்டோதீலின் என்ற பொருளோ இறுகச் சொல்கிறது. அம்மாவுக்கு இந்த இரண்டாவது குரல் ஓங்கிவிட்டது. இறுக்குவதோடு அது விடுவதுமில்லை. தசைச் செல்களைப் பெருக்கிச் சுவரையும் தடிக்க வைக்கிறது. ஒடுங்கிய வழியில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது.

அம்மாவின் குளிசைகளில் ஒன்று பொசென்டான். அது என்டோதீலினின் சேதி தசைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. ஈரலைக் கெடுக்கக்கூடும் என்பதால் மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. மற்றது சில்டெனாபில். ஆம், வயாகராவில் இருப்பதேதான். காலி வீதி மருந்துக்கடைப் பையன் டொக்டரின் மருந்துத் துண்டையும் எழுபத்திரண்டு வயது என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். நைட்ரிக் ஒக்சைட் தசைக்குள் எழுப்பும் சேதி சீக்கிரம் அழிந்துபோகாமல் அது பார்த்துக்கொள்கிறது என்று அவனுக்கு நின்று விளக்கினேன். பாவம், பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

ஒரு உதவி செய். பெரியப்பா நாக்கின் கீழ் வைக்கும் தன் நெஞ்சுவலிக் குளிசைகளில் நாலைந்தை, "அவசரத்துக்கு உதவும்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் நைட்ரிக் ஒக்சைட்டாக மாறித்தான் வேலை செய்கிறது. சில்டெனாபிலோடு சேர்ந்தால் உடம்பின் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். நான் திருப்பிக் கொடுத்ததில் அவருக்குக் கோபம். நீ கதைத்தால் கேட்பார்.

அன்புடன்,
அப்பா