சேங்கொட்டைச் சொறி கிரந்தி இறங்குவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் உளைவுக்குச் சேங்கொட்டை (சேராங்கொட்டை) என்ற மருந்துக் கொட்டையைத் தட்டி, எள்ளும் பனங்கட்டியும் சேர்த்து உருண்டை பிடித்துச் சாப்பிடச் சொல்லும் குரல்பதிவு ஒன்று எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதன் கடைசியில், "சொறி போட்டால் பயப்படாதேங்கோ, உள்ளுக்குக் கிடந்த கிரந்தி வெளியேறுது" என்று ஒரு வரி வரும். கிரந்தி என்று அவர்கள் சொல்வது, உடம்புக்குள் கிடந்து தோலில் கிளம்பும் நோயை. நான் எழுத வந்தது அந்த வரிக்காகத்தான்.

என் அத்தான் அதை நம்பினார். முதலில் உதடு தடித்தது. பிறகு கமக்கட்டு, தொடை இடுக்கு, பிட்டம் என்று மடிப்பான இடமெல்லாம் சிவந்து நீர்க்கொப்புளம் போட்டது. கிரந்தி இறங்குதாம் என்று சந்தோஷமாக அடுத்த உருண்டையையும் எடுத்தார் மனுசன். ஆஸ்பத்திரியில், "புதிதாக ஏதும் சாப்பிட்டீர்களா?" என்று வைத்தியர் கேட்க, "இல்லை டொக்டர், வீட்டுச் சாப்பாடுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மூலிகையை அவர் சாப்பாட்டிலும் சேர்ப்பதில்லை, மருந்திலும் சேர்ப்பதில்லை. அக்கா குசினியிலிருந்த ஹோர்லிக்ஸ் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் விஷயம் வெளித்தது. உள்ளே மிச்சக் கொட்டைகள் கிடந்தன. உடைத்த இடத்தில் தார் மாதிரிப் பிசின். தோல் உரிந்து ஆறிவிட்டது. முழங்கால் உளைவு அப்படியே இருக்கிறது.

அந்தப் பிசின்தான் வினை. முன்பு சலவைத் தொழிலாளர் துணியில் குறி போட்டது இதனால்தான்; எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினருக்கு, உடுப்பிலிருந்த அந்தச் சிறு குறி பட்ட இடத்தில் தோல் புண்ணானதை வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். துணியில் காய்ந்த பிறகே அப்படியென்றால், விழுங்கினால் என்ன செய்யாது? கொரியாவில் அரக்கு மரத்துப் பட்டையைப் போட்டுக் கோழி அவித்து, உடம்புக்கு நல்லதென்று சாப்பிடுகிறார்கள். அங்கும் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து தோல் வைத்தியரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. அந்த மரம், சேங்கொட்டை, நம் மா, கஜு எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்தவர்களுக்கும், பச்சைக் கஜுக்கொட்டை உடைத்துக் கை உரிந்தவர்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் இது வருவதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நாமும் விழுங்கிவிடுகிறோம். முதல் தரம் ஒத்துக்கொண்டவருக்கும் அடுத்த தரம் கிளம்பலாம்.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அதில் சேங்கொட்டைக்கு இடமுண்டு, ஆனால் சுத்தி செய்து, அதாவது நஞ்சு போக்கி, அளவோடு, பத்தியத்தோடு. குரல்பதிவில் சுத்தி என்ற பேச்சே இல்லை. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது; முழங்கால் உளைகிறவர்கள் அங்கே போய்க் கேட்கலாமே.

மருந்துச் சரக்குக் கடைக்காரர்கள், வைத்தியரின் துண்டு இல்லாமல் இதைக் கட்டிக் கொடுக்கக் கூடாது. சொறி போட்டவர்கள் உடனே நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் அளையாமல் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் சித்த வைத்தியர் ஒருவரையும் தோல் வைத்தியர் ஒருவரையும் கொண்டு இதைப் பற்றி எழுதுவித்தால் நல்லது. அந்தக் குரல்பதிவு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கொக்குவில்.