குறிப்பு முதல்வர் மேசைக்குப் போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு வருகிறதென்றால் இரவு பகலாகக் கோப்புகளை அடுக்கும் நம் கொங்குப் பகுதிக் கல்லூரிகள், அந்த அக்கறையில் ஒரு பங்கையேனும் வகுப்பில் தடுமாறும் ஆசிரியருக்குக் கைகொடுப்பதில் காட்ட வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து பார்த்து, தாம் எழுதும் குறிப்பை அந்த ஆசிரியரிடம் மட்டும் தருவதே அதற்கு வழி. இப்போது பருவ இறுதியில் மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம் துறைத்தலைவர் வழியாக முதல்வரிடம் சென்று, சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஊதிய உயர்வுப் பேச்சின்போதுதான் மீண்டும் தலைகாட்டுகிறது. படிவத்தை நிரப்பிய மாணவர்களுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. கல்லூரி ஆசிரியர்களுக்காக 2023இல் தொடங்கிய மாளவியா மிஷன் பயிற்சிகள் பதவி உயர்வுக்கு உதவும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வகுப்பறைக்குள் அவை எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தியூர், சத்தியமங்கலம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்த முதலாண்டு மாணவர்கள் நிறைந்த பொறியியல் கணித வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிஞ்சுதுங்க சார்" என்ற குரல் முன்வரிசையிலிருந்து உடனே வரும். அதை நம்பி அடுத்த வரியை எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடும் ஆசிரியருக்கு, பின்வரிசையில் பேனாக்கள் எப்போதோ நின்றுவிட்டது தெரியாது. கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்க்கும் சக ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் அவர் "வகுப்பில் கட்டுப்பாடு இல்லை" என்று மேலிடத்துக்கு எழுதிவிடுவாரோ என்ற ஐயம் இருக்கும்வரை, எவரும் அவரை மனமுவந்து அழைக்கமாட்டார். அழைத்தாலும் நன்றாக ஒத்திகை பார்த்த பாடத்தையே அன்று நடத்துவார்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கப்பட்ட கற்றல், கற்பித்தல் ஆய்வு மையம் ஆசிரியர்களுக்கு இத்தகைய உதவியை ரகசியம் காத்தே வழங்கிவருகிறது. அழைத்த ஆசிரியரிடம் எதைக் கவனிக்க வேண்டுமென முன்பே கேட்டுக்கொண்டு வகுப்பைப் பார்ப்பதும், பருவத்தின் நடுவில் அவர் இல்லாதபோது மாணவர்களிடம் கற்க உதவுவது எது, தடையாவது எது என்று கேட்டு, பெயர்களின்றித் தொகுத்து அவரிடம் மட்டும் ஒப்படைப்பதும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பார்க்க வருபவருக்கு வாரத்தில் ஓரிரு வகுப்புகளைக் குறைத்தால் போதும். (நிர்வாகத்துக்கு இதுவே கசக்கும் என்பதை அறிவேன்.)

பார்ப்பவர் வேறு துறையினராக இருப்பது நல்லது. கணிதம் அறியாதவருக்கே கணித வகுப்பில் மாணவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டத் தன்னாட்சிக் கல்லூரிகள், இக்குறிப்புகளின் நகல் எந்தக் கோப்பிலும் இடம்பெறாது, பதவி உயர்வுக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்தப்படாது என்று கல்விக் குழுவில் தீர்மானமாகவே நிறைவேற்றி, வரும் கல்வியாண்டுக்கு முன்பு ஆசிரியர்களுக்கு எழுத்து வடிவில் அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.