ஆராதனைக்கு வரும் புதியவர்களைக் குறித்து

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம்.

புதிதாக வருகிறவர்களில் சிலர், ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமலே திரும்பிவிடுகிறார்கள். இது என் மனதை மிகவும் வருத்துகிறது.

அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் எருசலேமில் சீஷர்களோடு சேர முயன்றபோது எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள். அவரும் ஒரு சீஷர் என்பதை நம்பவில்லை. பயத்துக்குக் காரணமும் இருந்தது. சபையைத் துன்புறுத்தியவர் அல்லவா! பர்னபா என்ற சீஷர்தான் அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று, அவருக்காகப் பேசினார். தன் நற்பெயரைப் பணயம் வைத்தே அதைச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பவுலின் ஊழியத்துக்குப் பின்னால் இப்படி ஒருவருடைய நம்பிக்கை இருக்கிறது.

ஆகவே இந்த ஞாயிறு, தனியாக அமர்ந்திருப்பவரின் அருகில் போய் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள், அவர் பேசட்டும். வேலை, குடும்பம், முந்தைய சபை என்ற விசாரணை வேண்டாம். உடையைப் பார்த்து இருக்கை காட்டுவதை யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! புதியவர்கள் நம்பிச் சொல்லும் ஜெபக் குறிப்புகளை அனுமதியின்றி இந்தக் குழுவில் பதிவிடாதீர்கள், புகைப்படங்களும் அப்படியே.

வாசலில் நின்று வரவேற்க விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.