"இடையில் நின்றவர்" என்று என் மகளைப் பதிந்தது பற்றிய முறைப்பாடு

பெறுநர்:
முகாமையாளர் அவர்களுக்கு,
பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான ஆரோக்கிய நிறைத் திட்டம்

அனுப்புநர்:
இயர் 6 (ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு) மாணவி ஒருத்தியின் தாய், வடமேற்கு லண்டன்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

முறைப்பாடு இருந்தால் சொந்த மொழியிலேயே எழுதலாம் என்று உங்கள் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் தமிழிலும் அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன்.

போன மாதம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகளின் உடல் நிறையைச் சரியாக வைத்திருக்க உதவும் உங்கள் 12 கிழமைத் திட்டத்தை என் மகள் முடிக்காமல் இடையில் நின்றுவிட்டாளாம். குடும்பத்துக்கு ஆர்வமில்லை என்று குறித்து எங்கள் கோப்பை மூடிவிட்டீர்களாம். நாங்கள் நிற்கவில்லை. வகுப்புகளை நிறுத்தியது நீங்கள். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து நூலகத்தில் நடந்த வகுப்பை, ஒரு வார்த்தை கேட்காமல் ஊரின் மறுகோடியில் இருக்கிற விளையாட்டு மையத்துக்கு மாற்றினீர்கள். பள்ளி விடுவது மூன்றரைக்கு. இரண்டு பஸ் மாறி நான்கு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். சரி, அதையும் செய்தோம். அப்புறம், "இன்று வகுப்பு இல்லை, மண்டபம் கிடைக்கவில்லை" என்று குறுஞ்செய்தி வரத் தொடங்கியது. ஒருமுறை அது வந்தபோது நாங்கள் இரண்டாவது பஸ்ஸில் இருந்தோம். அந்தச் செய்திகள் எல்லாம் என் தொலைபேசியில் அப்படியே இருக்கின்றன. படம் பிடித்து இதனுடன் இணைத்திருக்கிறேன்.

ஆர்வமில்லை என்று எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. பள்ளியில் உயரமும் நிறையும் அளந்துவிட்டு, நிறை கூட என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பியபோது என் கணவர் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். "வளருற பிள்ளை, உயரம் வைக்க எல்லாம் சரியாகிவிடும்" என்பது மாமியின் தீர்ப்பு. நான் கிழிக்கவில்லை. எங்கள் இரண்டு பக்கத்திலும் சீனி வருத்தம் இல்லாத பெரியவர்களை விரல் விட்டு எண்ணலாம். தெற்காசியப் பெரியவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு) 25 வரை காத்திருக்கத் தேவையில்லை, 23 தாண்டினாலே கவனமாக இருங்கள் என்று எங்கள் ஜிபி (குடும்ப வைத்தியர்) எனக்கே சொல்லியிருக்கிறார். கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, உங்களிடம் பெயர் கொடுத்தது நான்தான்.

முதலில் வந்த ஆசிரியை நல்ல பிள்ளை. ஒரு ஜூஸ் போத்தலை மேசையில் வைத்து, அதற்குள் இருக்கிற சீனியைக் கட்டி கட்டியாக அடுக்கிக் காட்டினார். 7 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 24 கிராம், அதாவது ஆறு கட்டிதான் எல்லை என்று விளங்கப்படுத்தினார். அன்றோடு எங்கள் வீட்டில் கோடியல் (தண்ணீரில் கலக்கிற இனிப்புப் பானம்) வாங்குவது நின்றது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு வந்தவர்கள் கையிலிருந்த தாளை வாசித்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தாளில் இருந்தது பாஸ்தா, ராப், சீரியல். எங்கள் பிள்ளை பள்ளியால் வந்து அம்மம்மாவின் கையால் சாப்பிடுவது புட்டும் சொதியும். பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு புட்டு வைக்கலாம், சொதிக்குத் தேங்காய்ப்பாலை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டேன். "சோற்றைக் குறையுங்கள்" என்று பதில் வந்தது. நான் சோற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இன்னொன்று. விளையாட்டு மையத்தில் நிறை பார்க்கும் தராசை நடைபாதையில் வைத்திருந்தீர்கள். எண் தெரிகிற பக்கம் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தது. என் மகள் ஏறியதும் பின்னால் நின்ற ஒரு பையன் அதைச் சத்தமாக வாசித்தான். உங்கள் ஆள் சிரித்துக்கொண்டே "நெக்ஸ்ட்" என்றார். பள்ளியில் அளந்தபோது தனி அறைக்குள், மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் அளந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளக்கிற தேசிய அளவீட்டுத் திட்டத்தின் விதியே அதுதான். அதில் வந்த கடிதத்தை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிற உங்களுக்கு அந்த விதி தெரியாமல் இருக்காது.

2013 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரம் கவுன்சில்களின் (உள்ளூராட்சி சபைகளின்) பொறுப்பு. ரிசெப்ஷனிலும் (பள்ளியின் முதல் வகுப்பு) இயர் 6-இலும் பிள்ளைகளை அளப்பது அவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம். அளந்த பிறகு உதவி கொடுப்பது கட்டாயமில்லை. கட்டாயமில்லாத ஒன்றுக்கு எங்கள் கவுன்சில் காசு ஒதுக்கி உங்களிடம் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. தேவை இல்லாமலா கொடுத்தது? 2023-24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் இயர் 6 பிள்ளைகளில் 22.1 சதவீதம் பேர் உடற்பருமன் உள்ளவர்கள். வசதி குறைந்த பகுதிகளில் அது வசதியான பகுதிகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்றுதான் கவுன்சில் கேட்கும். நீங்கள் ரத்துச் செய்த வகுப்புகள் அந்தக் கணக்கில் எங்கே வரும்? எங்கள் தலையில்தான் வரும். தமிழ்க் குடும்பங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொல்வார்கள். அடுத்த முறை நூலக வகுப்பே இருக்காது. என் மகளின் பெயருக்கு நேரே இருக்கிற அந்த ஒரு வரியை நான் விடாமல் பிடித்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே முதலில் அந்தப் பதிவைத் திருத்துங்கள். வகுப்புகளை நிறுத்தியது நிறுவனம் என்று எழுதுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பிழையான விவரத்தைத் திருத்தக் கேட்க எனக்கு உரிமை உண்டு, ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டியது உங்கள் கடமை. கவுன்சிலுக்கு ஏற்கெனவே கணக்கு அனுப்பியிருந்தால் திருத்தியதையும் அனுப்பி, எனக்கு ஒரு பிரதி தாருங்கள். தராசை ஓர் அறைக்குள் வையுங்கள், அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், காசும் வேண்டாம். மிச்ச வகுப்புகளை நடத்துவதானால் மகளைக் கூட்டிவரத் தயார், ஆனால் நூலகத்தில் மட்டும். புட்டைப் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது, தெரிந்த உணவியலாளர் ஒருவர் பதில் சொல்லட்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசி வேண்டாம். தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ இருக்கலாம். திருத்தம் வராவிட்டால் இதே கடிதம் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போகும், அங்கேயும் சரிவராவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனுக்கு.

இப்படிக்கு,
மாணவியின் தாய்

இணைப்பு: வகுப்பு ரத்துக் குறுஞ்செய்திகளின் படங்கள், உங்கள் மின்னஞ்சலின் பிரதி