மீன்கூடைக்குச் சட்டம் உண்டு, குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை

மாண்புமிகு ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் கால்வாய்க்கரைத் தெருவில் எங்களை அகற்றுவதற்கான கணக்கெடுப்பு சென்ற வாரம் மறுபடியும் நடந்தது. கதவில் எண் எழுதி, கைரேகை பதிந்து, பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த ஆணையின்படி, எப்போது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கையொப்பமிட்ட ஒரு தாள்கூடத் தரவில்லை.

இத்தெருப் பெண்களில் பலர் மீன் வாங்கி விற்பவர்கள். விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் நின்றால்தான் அன்றைய பிழைப்பு. பெரும்பாக்கமோ நகரின் தென்கோடியில், சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்நேரத்தில் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூடையில் லாபம் நிற்காது. முன்பே அங்கு அனுப்பப்பட்ட எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர், ஏலம் தவறக் கூடாதென்று மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறார். அரசுப் பதிவேட்டில் அவர் வீடு பெற்றுவிட்டவர் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

அவர் கூடை வைத்து விற்கும் இடத்தைக் காக்க 2014-இல் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றம், அவர் குடியிருக்கும் இடத்துக்கு அப்படியொரு சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை. குடியிருப்பைப் பறித்தால் பிழைப்பும் பறிபோகும் என்பதை, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே ஏற்றுக்கொண்டது. அதே நீதிமன்றம் 2024 நவம்பரில், இடிக்குமுன் 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றபோது, சாலை, இருப்புப்பாதை, நீர்நிலை ஓரங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. வடசென்னை ஏழைகள் வேறெங்கே குடியிருக்கிறார்கள், ஐயா?

அதனால்தான் தேசியச் சட்டம் கேட்கிறோம். தொழிலுக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில் மாற்று வீடு தயாராகாமல் எவரையும் அகற்றக் கூடாது. மீறினால் ஆணையிட்ட அதிகாரி பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.

நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது, அது மாநில அரசின் பொறுப்பு என்ற பதில் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அரசு கட்டிக் கொடுத்த வீட்டுக்கும் பொறுப்பேற்க ஆளில்லை என்பதே எங்கள் அனுபவம். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து 24 வீடுகள் மண்ணானபோது, விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர் தப்பினார்கள்.

வீட்டுரிமைச் சட்ட முன்வரைவை வரும் கூட்டத்தொடரிலேயே தாக்கல் செய்யுமாறும், அதுவரை கல்வியாண்டின் நடுவே எந்தக் குடும்பத்தையும் அகற்ற வேண்டாமென மாநில அரசுகளுக்கு எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கால்வாய்க்கரைக் குடியிருப்பாளர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை