வாயால் சொன்னாலும் அவதூறுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவதூறுச் சட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை டர்பனில் எங்கள் வட்டாரத்துத் தமிழரிடையே கைமாறிப் படிக்கப்பட்டது. எழுத்தில் வரும் அவதூறு வேறு, வாய்மொழி அவதூறு வேறு என்றும், வாயால் சொன்னதற்கு வழக்குத் தொடுப்பவர் பொதுவாகத் தமக்கு நேர்ந்த பண இழப்பையும் காட்ட வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இது இங்கிலாந்துச் சட்டம். ரோமானியச் சட்டத்தை டச்சுக்காரர் வளர்த்தெடுத்த ரோமன்-டச்சு மரபில் வந்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. தாளில் எழுதினாலும் தெருவில் நின்று சொன்னாலும் இங்கே ஒரே வகை வழக்குதான். இழப்பைக் காசுக் கணக்கில் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. டர்பனில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் சாட்சிக் கூண்டின் அருகில் நின்றவன் என்ற முறையிலும், "வாயால் சொன்னதற்கு ஏது வழக்கு" என்ற நம்பிக்கை ஒரு நல்ல மனிதரை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கோயில் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தோம். பந்தியில் இருந்த ஒருவர், "உண்டியல் காசில் யார் வீட்டுக்குப் புதுக் கூரை ஏறியது என்று ஊருக்கே தெரியும்" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் கூரை மாற்றியவர் கோயில் பொருளாளர் ஒருவர்தான். சாம்பார் வாளியோடு நின்ற அவர் மனைவி வாளியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பெயர் சொல்லாததால் தம்மை யாரும் கேட்க முடியாது என்று பேசியவர் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்த சாதாரண, நிதானமான மனிதருக்கு அந்தச் சொல் யாரைக் குறித்தது, என்ன பொருள் தந்தது என்பதையே அது பார்க்கும். வழக்காளி மூன்றை நிறுவினால் போதும்: சொல் மூன்றாம் ஆளின் காதில் விழுந்தது, அது தம்மைக் குறித்தது, அது தம் மதிப்பைக் குறைப்பது. அதன்பின் அது சட்டவிரோதம் என்றும் வேண்டுமென்றே சொல்லப்பட்டது என்றும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; அப்படி அல்ல என்று காட்டும் சுமை சொன்னவருக்கு உரியது. "அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்று அடுத்த வீட்டில் போய்ச் சொன்னவரும் தப்ப முடியாது.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்பது இன்னொரு தப்பெண்ணம். இங்கே உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னதால் பொதுநன்மை உண்டு என்றும் காட்ட வேண்டும். எப்போதோ தண்டனை அனுபவித்துத் திருந்தி வாழ்பவரின் பழைய கதையைக் கல்யாண வீட்டில் கிளறுவது உண்மையாகவே இருந்தாலும் அதில் என்ன பொதுநன்மை?

இதற்காகக் கோயில் கணக்கைக் கேட்கவே கூடாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கணக்குக் கேட்கும் உரிமை உள்ள உறுப்பினர், அந்தக் கணக்கில் அக்கறையுள்ள மற்ற உறுப்பினர்கள் கூடிய பொதுக்கூட்டத்தில், தம் ஐயத்தை எழுந்து சொன்னால் சட்டம் அவருக்குக் காப்பு அளிக்கிறது. அவர் சொன்னது பின்னால் தவறு என்று தெரிந்தாலும், கெட்ட எண்ணத்தோடு சொல்லாதவரை, அந்தக் காப்பு நிற்கும். காவல் நிலையத்தில் நேர்மையாகக் கொடுக்கும் புகாருக்கும் அப்படியே. பந்தியில் வீசிய சொல்லுக்கு அந்தக் காப்பு இல்லை. கணக்குப் புத்தகங்கள் அலுவலக அலமாரியில்தான் இருந்தன. ஒருவரும் திறந்து பார்க்கக் கேட்கவில்லை.

சொல்லின் பொருளை எவ்வளவு கவனமாக எடைபோட வேண்டும் என்பதற்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வழக்கில் மூதாட்டி ஒருவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் "குடியைக் கெடுத்தவள்" என்றதாகச் சாட்சியம். அந்தப் பெண் மதுப்பழக்கம் உள்ளவர் என்று பொருளா என்று நீதிபதி கேட்டார். குடி என்றால் இங்கே குடும்பம் என்று விளக்க எனக்குச் சில நிமிடம் ஆயிற்று. அந்த விளக்கத்தால் குற்றச்சாட்டே வேறாக மாறியது. சுற்றி நின்றவர்கள் ஜூலு மொழி மட்டுமே தெரிந்தவர்களாக இருந்திருந்தால், கேட்டவருக்குப் புரியாத சொல் பரப்பப்பட்டதாகாது என்பதால், அவதூறு வழக்கே நின்றிருக்காது. கோபத்தில் கொட்டும் வெறும் வசையை ஒருவரும் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை; அது பெரும்பாலும் அவதூறாகாது, ஆனால் வசைபட்டவரின் தன்மானத்துக்கு நேர்ந்த இழிவுக்காகத் தனியே வழக்கு உண்டு.

இந்தியச் செய்திகளைப் படித்து, அவதூறு பேசியவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்று நம்புவோரும் இங்கே இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அவதூறு என்ற குற்றவியல் குற்றம் 2024இல் நீக்கப்பட்டுவிட்டது. உரிமையியல் வழக்கு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதுவும் எளிய மக்கள் வழக்கறிஞர் இல்லாமல் போகக்கூடிய சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. இது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. எனினும் தீர்வு பணம் மட்டுமல்ல. பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் படத்தை இழிவாக ஒட்டுவேலை செய்து பரப்பிய மாணவர்கள் வழக்கில், 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இழப்பீட்டை 25,000 ராண்டாகக் குறைத்து, கூடவே மன்னிப்புக் கேட்கவும் ஆணையிட்டது.

எங்கள் பொருளாளருக்கும் பணம் வேண்டாம். பந்தியில் பேசியவர், யார் முன்னால் சொன்னாரோ அவர்கள் முன்னாலேயே, தாம் சொன்னது தவறு என்று சொன்னால் போதும் என்கிறார். பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் மனைவி அதற்குப்பின் கோயில் அடுப்படிக்கு வருவதில்லை. வழக்குத் தொடுக்க மூன்றாண்டுக் காலம் இருக்கிறது என்பதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, தமக்கு வழியே இல்லை என்று அவர் எண்ணியிருந்தார். தென்னாப்பிரிக்க வாசகர்களுக்காக அந்தப் பகுதியைத் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.